ஓரம் இருண்ட படம்

மூட்டுவலி உள்ளவர்கள் ஜனவரியில் தில்லிக்குப் போகக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லாமல் இல்லை. தங்கை சொன்னாள், கல்லூரியில் உடன் வேலை பார்ப்பவர்கள் சொன்னார்கள், சேலம் ஜங்ஷனில் தண்ணீர் பாட்டில் விற்றவர்கூட "டெல்லியா? குளிரும்மா" என்றார். போனேன். மேடையில் இருபது நிமிடம் பேசக் கூப்பிட்டால் மறுக்கும் அளவுக்கு நான் இன்னும் பக்குவப்படவில்லை.

நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். ஓவியங்களைப் பற்றிச் சிறுபத்திரிகைகளில் எழுதுவது ஆசைக்கு. பத்து மாதங்களுக்கு முன் தில்லியிலிருந்து வேலாயுதம் என்பவர் தன் படங்களைப் போனில் எடுத்து அனுப்பினார். மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஹார்ட்போர்டில் பள்ளிக்கூடக் கரும்பலகைக்கு அடிக்கும் பெயிண்டை முழுக்கப் பூசிவிட்டு, அந்தக் கறுப்பின்மேல் வெளிச்சத்தை ஏற்றி வரைவது அவர் வழக்கம். அதில் ஒரு நிலக்காட்சி என்னைப் பிடித்துக்கொண்டது. விடியும் முன் ஒரு காட்டு மேடு, முள் மரங்கள், ஒரு பாதை, அதன் முடிவில் ஒரே ஒரு தெருவிளக்கு. விளக்கைச் சுற்றிப் பல நிறத்தில் ஒரு வளையம். எல்லாம் நடுவில் மட்டும். நான்கு ஓரமும் வெறும் கறுப்பு.

அந்த ஓரங்களைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினேன். பிழைக்க வந்த ஊர் ஒரு மனிதனுக்கு நடுவில் கையளவு வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டு மற்றதைத் தர மறுக்கிறது என்று எழுதினேன். விளக்கின் வளையம், வாசல் இல்லாத மாடி வீட்டில் அவர் போட்டுக்கொண்ட கோலம் என்றேன். கட்டுரை நன்றாகப் பேசப்பட்டது. அதைப் படித்துத்தான் தில்லித் தமிழர்கள் சிலர் சேர்ந்து அவருக்குக் கண்காட்சி ஏற்பாடு செய்து, அந்தப் படத்தின் முன்னால் நின்று பேச என்னை அழைத்தார்கள். படத்தை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ரயில் ஐந்து மணி நேரம் தாமதம். பனிமூட்டத்தில் வடக்கே பாதி இந்தியா எனக்குத் தெரியாமலே கடந்து போயிற்று. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரரிடம், சாணக்யபுரியில் நம் மாநில விருந்தினர் இல்லத்துக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். "அச்சா, அச்சா" என்று தலையாட்டி ஏற்றிக்கொண்டார். ஒரு பெரிய கட்டடத்தின் முன் இறக்கிவிட்டார். வரவேற்பில் மரியாதையாக உட்காரவைத்து இஞ்சி டீ கொடுத்தார்கள். பாதி குடித்த பிறகுதான் சுவரில் மாட்டியிருந்த முதலமைச்சர் படத்தைப் பார்த்தேன். நம்முடையவர் இல்லை. எல்லா மாநிலத்து இல்லங்களும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. ஆட்டோக்காரர் தமக்குப் பிடித்த மாநிலத்தில் என்னை இறக்கியிருந்தார். மிச்ச டீயையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நம் இல்லத்தில் இட்லி கிடைத்தது. சாம்பாரில் காலிஃபிளவர் போட்டிருந்தார்கள். ரசத்தைக் குறை சொல்ல முடியாது. அறையில் இருந்த ஹீட்டர் என் முழங்காலில் ஒன்றை மட்டும் சூடாக்கியது. ஊருக்குப் போன் செய்தபோது தங்கை இன்னும் மின்விசிறி போட்டுக்கொண்டுதான் தூங்குவதாகச் சொன்னாள். போனை வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலாயுதம் வந்தார். எழுபது வயது, ஒல்லி, குரங்குக் குல்லா, மெரூன் ஸ்வெட்டர். நாற்பத்தெட்டு வருஷம் தில்லியில் இருந்தும் திருநெல்வேலித் தமிழ் அப்படியே இருந்தது, நடுநடுவே இந்தி.

"வாங்க மேடம். ரயில்ல சவுரியமா வந்தீயளா?"

"அஞ்சு மணி நேரம் லேட் சார்."

"இங்க அதெல்லாம் லேட்டுல சேத்தி கிடையாது. ஜல்தி கிளம்புங்க, மக வீட்டுல சமைச்சு வச்சிருக்கா."

கரோல் பாக்கில் இருந்த அவர் வீட்டுக்கு மெட்ரோவில் போனோம். மெட்ரோ சுத்தம், எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் அவரோடு நடப்பது பெரும் பாடு. ஒரு பெண்ணின் பையில் இடித்தார், ஒரு பெரியவரின் தோளில் இடித்தார். "கண்ணைத் திறந்து நடங்கள்" என்று அந்தப் பெரியவர் இந்தியில் கத்தினார். இவர் திரும்பியும் பார்க்கவில்லை. படம் வரைகிறவர்களுக்கு இந்த அளவு திமிர் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். வண்டி மாறும் ஸ்டேஷனில் அவருக்கு வலப்பக்கம் கையெட்டும் தூரத்தில் நான் நின்றுகொண்டிருக்க, அவர் நேரே பார்த்து "மேடம்! மேடம்!" என்று கூப்பிட ஆரம்பித்தார். வேடிக்கை செய்கிறார் என்று நினைத்து முழங்கையைத் தொட்டேன். துள்ளிவிட்டார்.

"எங்க போயிட்டீய?"

"இங்கயேதான் சார் நிக்கறேன்."

"அச்சா அச்சா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீடு ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. படிக்கட்டில் என் முழங்கால்கள் ஒவ்வொரு படியிலும் மனு கொடுத்தன. மகள் ப்ரியாவுக்கு நாற்பது வயது இருக்கும். குர்கானில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை; அன்று எனக்காக லீவு போட்டிருந்தாள். தில்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. தாயார் இறந்த பிறகு அப்பாவும் மகளும் மட்டும்தான். தேங்காய்ப்பால் விட்டுத் திருநெல்வேலிச் சொதி வைத்திருந்தாள். தில்லிக் குளிர்காலத்துப் பச்சைப் பட்டாணியை அதில் அள்ளிப் போட்டிருந்தாள். திருநெல்வேலிக்காரர்கள் கேஸ் போடலாம், ஆனால் நன்றாக இருந்தது. நான் இரண்டு முறை வாங்கிக்கொண்டேன்.

சாப்பிடும்போது அவர் இடது கை பட்டுத் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. ப்ரியா துடைத்தாள். துடைக்கும் துணி ஏற்கெனவே மேஜைமேல் இருந்தது.

"ஆன்ட்டி, நீங்க பெயின்டிங்ஸ் நேர்ல பாத்தாச்சா? இல்ல, போட்டோ மட்டும்தானா?" என்று கேட்டாள்.

"போட்டோதான்மா. நாளைக்கு ஹால்லதான் பாக்கப் போறேன்."

"அச்சா" என்றாள். அந்த அச்சா எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை ஆர்.கே.புரத்தில் ஒரு மாடி அரங்கம். நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் ஓய்வு பெற்ற அதிகாரிகள், ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு. மீதி, தொலைவிலிருந்து வந்திருந்த இளம் ஆட்கள். கூட்டம் தொடங்குமுன் படத்தின் அருகே போய் நின்றேன். பாதிக் கதவு அளவு இருந்தது. போனில் பார்த்தபோது மரங்கள் இருளுக்குள் கரைந்து போவதுபோல் தோன்றியிருந்தது. கிட்டத்தில் அப்படி இல்லை. ஒரு கிளை இடப்பக்கமாக நீண்டு வந்து சட்டென்று நின்றது. கோடு மெலியவில்லை, இலை மங்கவில்லை, துணியில் கத்தரி போட்டதுபோல் நின்றது. அதற்கு அப்பால் கரும்பலகை பெயிண்ட் மட்டும். வலப்பக்கம் பாதையும் அப்படித்தான்.

ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. இதைச் சொல்லியாக வேண்டும்: பட்டது. ஆனால் பேச்சைத் தாளில் எழுதி எடுத்து வந்திருந்தேன், மைக்கும் வேலை செய்தது. இருபது நிமிடத்துக்குக் கூப்பிட்டவர்கள் முன்னால் முப்பத்தைந்து நிமிடம் பேசினேன். ஐ.டி. வேலையில் இருக்கும் ஒரு பெண் எழுந்து, "மேடம், அந்த டார்க் எட்ஜஸுக்கு என்ன மீனிங்?" என்று கேட்டாள். "அங்கே ஓவியர் பேச மறுக்கிறார். நாம் அந்த மௌனத்தைக் கேட்க வேண்டும்" என்றேன். பலமாகக் கைதட்டினார்கள். முன்வரிசையில் வேலாயுதமும் தட்டினார்.

பிறகு மெதுவடையும் சமோசாவும் ஒரே தட்டில் வந்தன. இரண்டு நாடுகளின் பேச்சுவார்த்தை மாதிரி இருந்தது. வேலாயுதம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மேடம், ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனக்கப்படாது."

"சொல்லுங்க சார்."

"நான் அந்த ஓரத்தையெல்லாம் விடல. அங்கனயும் மரம் போட்டாச்சுன்னுதான் நெனச்சேன். முழுப் பலகையும் முடிஞ்சுன்னு கையெழுத்துப் போட்டு எடுத்து வச்சேன். நீங்க எழுதுனதப் படிச்சிட்டுத் தள்ளி நின்னு பாக்கேன், ஆமா, கறுப்பாத்தான் கெடக்கு. சரி, நமக்குத் தெரியாம உள்ளேருந்து வந்திருக்கு போலன்னு இருந்துட்டேன். நீங்க படிச்சவங்கள்லா."

கையில் இருந்த வடையைத் தட்டில் வைத்தேன்.

"கிட்ட நின்னு வரையறப்ப ஓரம் தெரியுதா சார்?"

"தெரியாம? எல்லாம் நல்லாத் தெரியும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் காதுக்கு அருகே என் இரண்டு விரல்களை நீட்டி ஆட்டினேன். அவர் வடையைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை மாற்றி மறுபக்கமும் ஆட்டினேன். கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டு வந்தும் ஆட்டினேன். "சட்னி கொஞ்சம் காரம்" என்றார்.

திரும்பினால் ப்ரியா நின்றுகொண்டிருந்தாள். என் விரல்களைப் பார்த்திருக்கிறாள். என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

"நான் போன வருஷமே சொன்னேன் ஆன்ட்டி. அப்பா, பெயின்டிங்ல சைடெல்லாம் காலியா இருக்கு, கதவுல வேற இடிச்சுக்கறீங்க, கண்ணு செக் பண்ணலாம்னு. அப்பாயின்ட்மென்ட்கூட எடுத்தேன். அப்பதான் உங்க ஆர்ட்டிகிள் வந்துது. எனக்குப் படிக்க வராது இல்ல, அப்பாவே சத்தமா படிச்சாங்க. எட்டுப் பேஜும். பாரு, மேடம் என்ன எழுதியிருக்காங்க, இது கண்ணு இல்ல, கலைன்னாங்க. நான் என்ன சொல்றது? எனக்குப் பாதி வேர்ட்ஸ் புரியவே இல்ல. அப்பாயின்ட்மென்ட் கேன்சல் பண்ணிட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலை. அலுவலகத்தில் நடந்ததை வீட்டில் சொல்வதுபோல் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. உள்ளே யாரோ என் பேச்சை வீடியோ எடுத்ததாகவும் அனுப்பிவைப்பதாகவும் சொன்னார்கள். சரி என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள். கிளம்பவில்லை. கரோல் பாக்குக்குப் போய் மறுபடியும் அந்தப் படிகளில் ஏறினேன். வேலாயுதம் புதுப் பலகைக்குக் கறுப்பு பூசிக்கொண்டிருந்தார்.

"சார், நாளைக்கு நாம கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"எதுக்கு? ப்ரியா சொன்னாளா? நீங்க எழுதுனத நான் அவகிட்ட அப்பமே படிச்சுக் காட்டிட்டேன்."

"நான் எழுதினது தப்பு சார்."

பிரஷைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"எப்படித் தப்பும்பீய? நேத்து அம்பது பேரு கைதட்டுனாங்களே. முப்பத்தெட்டு வருஷம் ஃபைல் தூக்குனேன், ஒரு பய தட்டல. இப்பம் வந்து, அது கலை இல்ல, கண்ணு நோய்ங்கீயளா?"

இரவெல்லாம் யோசித்துக் கொண்டுவந்திருந்த இரண்டு மூன்று வாக்கியங்களும் அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டன. ப்ரியாதான் குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய பலகைகளை இழுத்து வெளியே போட்டாள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் அவர் கிளார்க் பழக்கத்தில் வரிசை எண்ணும் தேதியும் போட்டுச் சுருக்கொப்பம் இட்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் எண் பார்த்துச் சுவரோரமாக நிறுத்தினோம். ஏழு பலகைகள். எல்லாவற்றிலும் அதே காட்டு மேடு, அதே பாதை.

முதல் பலகையில் முள் மரங்கள் விளிம்பு வரைக்கும் அடர்ந்து, பலகையின் பக்கவாட்டிலும் பச்சை வழிந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் வலது மூலை காலி. நான்காவதில் இரண்டு மூலைகள். ஐந்தில் மேல்பக்கம் முழுக்கப் போயிருந்தது. ஏழாவதில் நடுவே ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத்தான் காடு இருந்தது. நான் கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட, இப்போது அரங்கத்தில் தொங்கும் படம் ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் வர வேண்டும்.

அவர் எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். அவ்வளவு தள்ளி நின்றால்தான் அவருக்கு முழுப் பலகையும் தெரியும் என்பது இப்போது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தார்.

"மூணாவதுலேயே ஆரம்பிச்சிருக்கு" என்றார், கோப்பில் ஒரு பிழையைக் கண்டுபிடித்த குரலில். கட்டிலில் உட்கார்ந்து குல்லாவைக் கழற்றினார். "நாளைக்கு எத்தன மணிக்குப் போணும்?"

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. நம் ஊர் பெரியாஸ்பத்திரிக்கும் இதற்கும் வித்தியாசம், இங்கே எல்லோரும் கம்பளி போர்த்திக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள் என்பதுதான். பக்கத்தில் ஒரு குடும்பம் ஆரஞ்சு உரித்து எனக்கும் இரண்டு சுளை கொடுத்தது. என்ன நோய் என்று விசாரித்தார்கள். எனக்கில்லை, அவருக்கு என்றேன். அந்த அம்மாள் என்னைக் காட்டி, "இவர் மனைவியா?" என்று ப்ரியாவிடம் கேட்டாள். "ரைட்டர்" என்றாள் ப்ரியா. அந்த அம்மாள் மேலும் ஒரு சுளை கொடுத்தாள்.

மூன்று மணி நேரம் கழித்து ஒரு இருட்டறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு கிண்ணம் போன்ற இயந்திரத்தில் முகவாயை வைத்து நேரே பார்க்க வேண்டும். எங்கே வெளிச்சப்புள்ளி தெரிந்தாலும் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நானும் ப்ரியாவும் திரைச்சீலை அருகே நின்றோம். டெக்னீஷியனுக்கு முன்னால் இருந்த திரையில் புள்ளிகள் இங்கும் அங்குமாக விடாமல் வந்துகொண்டிருந்தன. வேலாயுதத்தின் கட்டைவிரல் பொத்தானின்மேல் அசையாமல் இருந்தது. எப்போதாவது ஒருமுறை அழுத்தினார்.

வெளியே வந்ததும், "மெஷின் ரிப்பேர் போல மேடம்" என்றார். "ரொம்ப நேரம் ஒண்ணுமே வரல. சும்மாவே உக்காந்திருந்தேன்."

ப்ரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான், "இருக்கும் சார்" என்றேன்.

டாக்டருக்கு முப்பது வயதுக்கு மேல் இராது. தூக்கமில்லாத முகம், வெள்ளைக் கோட்டுக்குள் ஸ்வெட்டர். இந்தியில் பேசினார், எனக்குப் புரியாததை ப்ரியா சொன்னாள். நோய்க்கு ஆங்கிலத்தில் கிளாகோமா, இந்தியில் காலா மோதியா என்று பெயர். கறுப்பு முத்து என்று அர்த்தமாம். என்ன அழகான பெயர் என்று என் மனது உடனே ஆரம்பித்துவிட்டது. அதை நிறுத்த எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது. ஓரப் பார்வை போனது போனதுதான், திரும்பி வராது. லேசர் செய்து, ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து போட்டால் நடுவில் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம். போன வருஷம் வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா என்று கேட்டார். "எல்லாருக்கும் தெரியத்தான செய்யும்?" என்றார் வேலாயுதம் தமிழில். யாரும் மொழிபெயர்க்கவில்லை.

சோதனையின் தாளை டாக்டர் மேஜைமேல் விரித்தார். சுற்றிலும் கறுப்பு அடித்து, நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. ப்ரியா தன் போனைத் திறந்து, அரங்கத்தில் தொங்கும் படத்தைக் காட்டி அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். டாக்டர் அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார். போனைக் கையில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது எப்போது வரைந்தது?"

"போன வருஷம்" என்றாள் ப்ரியா.

"அப்புறம் ஏன் இவ்வளவு தாமதம்?"

ப்ரியா மேஜையைப் பார்த்தாள். வேலாயுதம் முந்திக்கொண்டு, "எனக்கு வேலை இருந்தது டாக்டர் சாப், நேரமில்லை" என்று இந்தியில் சொன்னார். சொல்லும்போது என் பக்கம் தலையைத் திருப்பவில்லை. என்னைக் காப்பாற்றுகிறார் என்று புரிந்தது. அதைத் தாங்கிக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"இந்தப் படத்தை நான் அப்போதே பார்த்தேன்" என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் டாக்டரா?"

"இல்லை. படங்களைப் பார்த்து எழுதுகிறவள்."

அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"பார்த்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது?"

"அழகாக இருக்கிறது என்று தோன்றியது" என்றேன்.